உன் மரண அறிவித்தலில் ஒரு வரி

இன்று கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் உன்னை மறுபடி கண்டேன். தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் வழக்கம்போல மரண அறிவித்தல்கள் ஒட்டியிருந்தன. பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டுவது அந்தக் கடைக்காரரின் பழக்கம், உனக்குத் தெரியும். உன் முகத்தின்மேல் யாரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் முகம். உன் பெயர் முழுதாக மறைந்துபோயிருந்தது. அவருடைய தாளின் கீழ் மூலை ஈரத்தில் சுருண்டிருந்ததால் உன்னுடைய தாளில் ஒரேயொரு வரி மட்டும் வெளியே தெரிந்தது. '...அவர்களின் அன்பு மனைவியும்'.

அவ்வளவு பெரிய தாளில் அது ஒன்றுதானா மிஞ்சவேண்டும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கறிவேப்பிலையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் என் முகத்தைப் பார்த்தார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஒன்றும் கேட்காமல் போய்த் தொலைக்காட்சியின் முன்னால் இருந்துகொண்டார். என் கோபத்தோடு கூட இருந்து கதைக்கிற ஆள் நீ ஒருத்திதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீயும் நானும் எத்தனை மரண அறிவித்தல்களைச் சேர்ந்து வாசித்திருப்போம். தையல் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம், ரொறன்ரோவிலிருந்து யாராவது கொண்டுவருகிற இலவசப் பத்திரிகையை நீதான் முதலில் பறிப்பாய். செய்தி வேண்டாம், சோதிடம் வேண்டாம், நேரே கடைசிப் பக்கம். வானொலிக் குரலில் தொடங்குவாய். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், மொன்றியாலை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று அந்த வசனம் மாமன், மச்சான், சகலன் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வேலை முடிகிற நேரத்து பஸ் மாதிரி மூச்சு முட்டப் போகும். கடைசியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று வரும்வரை நீ மூச்சு விடமாட்டாய். பக்கத்து மெஷினில் இருந்த ஹெயிட்டிக்காரி ஒன்றும் விளங்காமலே சிரிப்பாள்.

எங்கள் ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேரின் கதை நினைவிருக்கிறதா? எல்லை வேலியில் ஒரு பூவரசுக்காக வழக்குப் பேசி, பேசாமல் விட்டு, ஒருவரின் மகள் கலியாணத்துக்கு மற்றவர் போகாமல், அப்படியே கிழவர்களாகிப் போனவர்கள். மூத்தவர் செத்தபோது அறிவித்தலில் இளையவர் 'பாசமிகு சகோதரர்' ஆகிவிட்டார். அன்று நீ சிரித்த சிரிப்பில் உன் தேத்தண்ணி முழுவதும் என் மடியில்.

"எங்கட சனத்துக்கு உயிரோட இருக்கேக்க ஒருத்தரை ஒருத்தர் கண்ணிலை காட்டக்கூடாது. செத்த உடனை எல்லாரும் அன்பு, பாசம், ஆருயிர்" என்றாய்.

அது ஒரு வழக்கம்தானே, அதில் என்ன கிடக்கிறது என்று நான் சொன்னேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். வழக்கம் என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் மூடுகிறார்கள் என்றாய். பிறகு மணி அடித்தது, நாங்கள் எழும்பிப் போனோம்.

உனக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. அந்தாளின் பெயரை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தாள் என்றால் அந்தாள்தான். இங்கேயும் எழுதமாட்டேன். மொன்றியால்-நோரில் உங்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில். சத்தம் எங்கள் குசினி வரை கேட்கும். இவர் ஒருமுறை போய்க் கதவைத் தட்டினார். அந்தாள் வெளியே வந்து, நல்ல சிரிப்போடு, "ஒண்டுமில்லை அண்ணை, மனிசிக்குக் கொஞ்சம் தலையிடி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் பொன்னாடை போர்க்கிற போதும் அதே சிரிப்புத்தான்.

ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், நீ தாரணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வெளிப்படிக்கட்டில் ஏறி வந்தாய். படியெல்லாம் ஐஸ். பிள்ளைக்குச் சப்பாத்து, தொப்பி, கழுத்துத்துணி எல்லாம் சரியாக இருந்தது. உன் காலில் வீட்டுச் செருப்பு. "இனிப் போகமாட்டன்" என்றாய். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. ரொறன்ரோவிலிருந்து உன் அண்ணை தொலைபேசி எடுத்து, திரும்பிப் போய்ச் சேர் என்று சொன்னார். நீ மாட்டேன் என்றாய். அவர் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் உன்னோடு கதைக்கவில்லை. அந்தாளோடு மட்டும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தாள் ரொறன்ரோவுக்கு மாறிப் போனது அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. கோர்ட்டில் விவாகரத்துக் கிடைத்த அன்று நீ எனக்கு தெருமுனை டெப்பனர் கடையில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாய். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் சனம் உனக்கு வைத்த பெயர் 'விட்டிட்டு வந்தவள்'. கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்கப் பெண்களைத் தேடுகிற நேரம் அவர்களின் கண் உன்னைத் தாண்டிப் போகும். நீ அதைக் கண்டும் காணாத மாதிரி வடையை எடுத்துக் கடிப்பாய். நான் கொதிப்பேன், நீ கடிப்பாய். ஆனால் உன் வீட்டில் நீ எப்படி இருந்தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. பல்கனியில் தக்காளி வைத்தாய். மாலை வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படித்து, சுப்பர்வைசரோடு அவளுடைய பாஷையிலேயே சண்டை பிடித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரணமும் இல்லாமல் மெற்றோ ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவாய். தனியப் போய் என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டும் செய்யிறேல்லை, அதுதான்" என்றாய்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. தாரணி கீழே கார் விட்ட இடத்துக்குப் போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்தாய். உன் கைக்கு அந்தளவு பலம் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"என்ர நோட்டீசிலை அந்தாளின்ர பேர் வரக்கூடாது. மற்றது எப்பிடியும் எழுதட்டும். அது மட்டும் வரக்கூடாது. நீ பார்த்துக்கொள்."

விசர்க்கதை கதையாதே என்றேன். நீ கையை விடவில்லை. பேந்து ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் விட்டாய்.

நீ போன காலை, பிள்ளைகள் பராமரிக்கிற கார்டெரியில் வேலைக்கு நின்ற தாரணியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். அவள் ஒரு நிலையில் இல்லை. நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்குள் உன் அண்ணை தொலைபேசியில் அவளைப் பிடித்துவிட்டார். அறிவித்தல் தமிழில் எழுதவேண்டும், உனக்கு அது தெரியாது, எல்லாம் நான் பார்க்கிறேன் பிள்ளை என்றிருக்கிறார். நீ நோயில் விழுந்த பிறகுதான் அவர் திரும்பக் கதைக்கத் தொடங்கியவர். மாமா இவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்று பிள்ளை நெகிழ்ந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள்.

நான் அதை மெற்றோவில்தான் வாசித்தேன். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். நெற்றியில் பெரிய சிவப்புக் குங்குமப் பொட்டோடு உன் படம். நீ குங்குமம் வைப்பதை விட்டு எவ்வளவு காலம். சின்னக் கறுப்பு ஒட்டுப்பொட்டுத்தான் உன் நெற்றியில் இருக்கும். கணினியில் அதை அழித்துவிட்டுச் சிவப்பை வைத்திருக்கிறார்கள். பிறப்பிடம், வசிப்பிடம், பெற்றோர் பெயர். அதற்கு அடுத்த வரியில் அந்தாள், முழுப் பெயரோடு, 'அவர்களின் அன்பு மனைவியும்'. தாரணி அதற்குக் கீழே. இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த மனிதன் பிரெஞ்சில் உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டான்.

உடனேயே உன் அண்ணையைத் தொலைபேசியில் எடுத்தேன். முதலில் மரியாதையாகத்தான் தொடங்கினேன். நீ கேட்டதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையில்தான் எனக்கு இன்னும் ஏறியது.

"தங்கச்சி, செத்தவளுக்கு இனி என்ன தெரியப்போகுது? பேர் இல்லாட்டில் சனம் ஏனெண்டு கேக்கும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசவேண்டாமோ?"

"கேக்கட்டும் அண்ணை. ஏனெண்டு சொல்லலாம் தானே" என்றேன்.

இது குடும்ப விஷயம், நீங்கள் வெளியாள் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் வெளியாள். நீ வீட்டுச் செருப்போடு ஏறி வந்தது யார் வீட்டுப் படியில்? உன் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலை தேடி இந்த நகரம் முழுவதும் அலைந்தது யார்? உனக்கு அடித்தவன் அன்புக் கணவன், நான் வெளியாள்.

அறிவித்தல் போட்ட இணையத்தள ஆளையும் எடுத்தேன். பாவம், நல்ல பெடியன். அந்த வரியை எடுக்கவேண்டும் என்றேன். குடும்பத்தில் ஒருவர் சொன்னால் உடனே எடுக்கலாம் அக்கா என்றான். அதோடு கேட்டான்.

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

சிநேகிதி என்று சொன்னால் அது ஒரு முறையா? அந்த நீண்ட வசனத்தில் சகலனுக்கு இடம் இருக்கிறது, சம்பந்திக்கு இடம் இருக்கிறது, எங்கேயோ டென்மார்க்கில் இருக்கிற, நீ ஒருநாளும் கண்டிராத பெறாமகனுக்கு இடம் இருக்கிறது. எனக்கு இல்லை. பிறகு எடுக்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். தாரணியிடம் போய்ச் சொல்லலாம் என்று இவர் சொன்னார். அந்தப் பிள்ளை இருந்த நிலையில் இதையும் போய்த் தலையில் போடுவதா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் கிரியை நாள் வந்துவிட்டது.

பியூனரல் ஹோமுக்குள் நுழைந்தால் முன்வரிசையில் அந்தாள். பட்டு வேட்டி, சால்வை. ரொறன்ரோவிலிருந்து உன் அண்ணையே காரில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சனம் வரிசையாக வந்து அந்தாளின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தது. அந்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டா" என்றதை நான் இந்தக் காதால் கேட்டேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ எழும்பி ஒரு பகிடி விடமாட்டாயா என்று உன் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் அந்தச் சிவப்புப் பொட்டு.

அப்போது யோசனையெல்லாம் போய்விட்டது. தாரணியைக் கோப்பி மெஷின் இருந்த சின்ன அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன். நான் கூப்பிடவில்லை அன்ரி, மாமாவோடு தானாக வந்திருக்கிறார், செத்தவீட்டுக்கு வருகிறவரைப் போ என்று எப்படிச் சொல்வது என்றாள். அப்படியென்றால் நோட்டீசில் ஏன் அப்படிப் போட விட்டாய் என்றேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். எப்படி என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சனிக்கிழமைகளில் நீ ஓவர்டைம் செய்ததால் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட ஆளில்லாமல் நின்றுபோனது. மாமா தொலைபேசியில் அனுப்பியதை அவள் பார்த்தாள். அம்மாவின் படம் வடிவாக இருந்தது. சரியா பிள்ளை என்று கேட்டார். சரி என்று கட்டைவிரலை அனுப்பிவிட்டாள்.

நான் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் அவள் கையிலிருந்த பேப்பர்க் கப் நசுங்கியது.

"மாமா எல்லாம் சரியெண்டு சொன்னவர் அன்ரி" என்றாள்.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னேன். அவள் முகத்தைக் கழுவிவிட்டு வெளியே போனாள்.

ஐயர் அந்த அறிவித்தலைத்தான் கையில் வைத்திருந்தார். அவருக்கு உன்னைத் தெரியாது, எங்களைத் தெரியாது. யார் யார் உறவு என்று தாளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கரிசிக்கு முதலில் கணவர் வாங்கோ என்றார். அந்தாள் எழும்பிச் சால்வையை இடுப்பில் கட்டி, அரிசியைக் கையில் எடுத்தான். தாரணி பெட்டிக்கும் அந்தாளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இவர் வேண்டாம், ஐயா."

ஐயர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உன் அண்ணை பாய்ந்து வந்து, சபையில் இப்படிச் செய்யாதே பிள்ளை என்று மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் குரலை உயர்த்தவில்லை. தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அம்மா வேண்டாமெண்டு சொன்னவா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம்தான் சொன்னவள், ஓம் என்றேன். பின்வரிசையில் ஒரு மனிசி, "இதென்ன முறை" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது தெளிவாகக் கேட்டது. இரண்டு நாளுக்குள் அதே கேள்வி எனக்கு இரண்டாம் தரம். அந்தாள் அரிசியைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு வெளியே போனான். சிகரெட் பிடிக்கப் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் அன்று அவன் முகத்தில் இருக்கவில்லை. அதைப் பார்க்க நீ இருந்திருக்கவேண்டும். தாரணி உனக்கு அரிசி போட்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என்னையும் போட வைத்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீ எங்கள் சனத்தை மறந்துவிட்டாய் என்று அர்த்தம். நான்தான் பிள்ளையைக் கிளப்பிவிட்டேனாம். செத்தவீட்டைக் குழப்பினவளாம். புரோசார்ட்டில் இருக்கிற என் மச்சாள்கூடத் தொலைபேசி எடுத்து, உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை என்று கேட்டாள். உன் அண்ணை அசையவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியிலும் அதே படம், அதே பொட்டு, அதே வரி. தாரணி அந்த இணையத்தளப் பெடியனைக் கேட்டாள். தன்னைக் கேட்காமல் ஒன்றையும் எடுக்கக்கூடாது என்று மாமா இதற்குள் சொல்லிவைத்துவிட்டார், வேண்டுமென்றால் அதற்குக் கீழே நீங்கள் உங்கள் பெயரில் அஞ்சலி எழுதலாம் என்றிருக்கிறான்.

அவள் வேலை முடிந்து நேரே என் குசினிக்கு வந்தாள். என்ன எழுதவேண்டும் சொல், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அறிவித்தல்களை வாசித்து வாசித்து அந்தத் தமிழ் எனக்கு நாக்கு நுனியில் கிடந்தது. அன்புத் தாயே, பாசத்தின் இருப்பிடமே என்று நான் தொடங்கியதும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தானே எழுதப்போவதாகச் சொன்னாள். தொலைபேசியில் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் இது எப்படி, அது எப்படி என்று கேட்டாள். அ எது, ம்மா எப்படி வரும் என்று கேட்டாள். எனக்கு உதவி செய்யக் கை துருதுருத்தது. அவள் விடவில்லை. சோறு ஆறிப்போனது. இவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அந்தப் பெடியன் என்னை எடுத்தான். மகள் எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்திப் போடவா அக்கா என்று கேட்டான். வாசி என்றேன். வாசித்தான்.

'என்ர அம்மா தணிய இருந்தவா. சந்தோசமா இருந்தவா.'

தனிய என்று வரவேண்டும் என்றான். எனக்குத் தெரியும் தம்பி, அப்படியே போடு என்றேன்.

இப்போது அது அங்கே இருக்கிறது, உன் அண்ணையின் அறிவித்தலுக்குக் கீழே, பிழையோடு. ஊர்ச் சனம் முழுவதும் வாசித்துவிட்டது. ஒருவரும் என்னிடம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உனக்கு ஓம் என்று சொன்னவள் நான். அதைச் செய்து முடித்தவள் உன் மகள். எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் கோபம் மட்டும்தான். அதைத் தணிய விடமாட்டேன்.